கம்பில்லாத தட்டி

கம்பை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். தட்டி போகலாம், கம்பு போகக் கூடாது என்று காவலுக்கு நின்ற துப்பாக்கிக்காரர் இந்தியில் சொன்னார். கனலனுக்கு அந்த அளவு இந்தி புரியும். ஆனால் புரியாதது போல நிற்பது அவருடைய கொள்கை. ஆகவே நின்றார். துப்பாக்கிக்காரர் கையால் காட்டிக் காட்டி விளக்கினார், கடைசியில் கம்பு சுவரோரம் சாய்ந்தது, தட்டி மட்டும் கையில் மிஞ்சியது. மாடில்லாத வண்டி மாதிரி. இரண்டு ஓரத்தையும் இரண்டு கையால் பிடித்து மார்புக்கு நேரே தூக்கிக்கொண்டு, கோயமுத்தூர் விமான நிலையத்தின் வருகை வாசலுக்கு எதிரே கம்பித் தடுப்பை ஒட்டி நின்றார். பம்பாய் விமானம் இறங்கிவிட்டதாகப் பலகை சொன்னது. இறங்கிவிட்டாள். இறங்கியிருப்பாள். ஏறினாளா என்பதே யாருக்குத் தெரியும். நாற்பது வருடத்துக்கு மேல் தட்டி பிடித்த கைகள் இவை, மழையில் பிடித்தவை, தடியடியில் பிடித்தவை. முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டால் அரைநாள் தாங்கும், காற்றடித்தால் தட்டியைக் காற்றுக்கு நேரே காட்டாதே, சற்றே சாய்த்துக் காட்டு என்று எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார். இந்த வாசலுக்கே முன்பு ஒருமுறை வந்திருக்கிறார், ஒரு மந்திரிக்குக் கறுப்புக்கொடி காட்ட. அன்றைக்குக் கம்பையும் பிடுங்கினார்கள், கொடியையும் பிடுங்கினார்கள், கனலனையும் தூக்கி வேனில் போட்டார்கள். ஒழிக என்று எழுதிப் பிடித்திருக்கிறார், உடனே வழங்கு என்று எழுதிப் பிடித்திருக்கிறார், எச்சரிக்கை என்று எழுதிப் பிடித்திருக்கிறார். ஒரு பெயரை மட்டும், கேள்வியும் இல்லாமல் கோரிக்கையும் இல்லாமல், வெறும் பெயரை மட்டும் எழுதிப் பிடிப்பது இதுதான் முதல் தடவை. ரோசாமணி. வெள்ளைக்காரச் சீமையில் பிறந்து வளர்ந்த எழுபது வயதுப் பெண்ணுக்கு ரோசாமணி என்று பெயர். வைத்தவர் நாச்சிமுத்து. கனலனுடைய அப்பாவின் அப்பா. ஆகாய விமானம் ஓட்டிய நாச்சிமுத்து, இருகூர் நாச்சிமுத்து, பெற்ற இரண்டு பிள்ளைகளை இங்கே விட்டுவிட்டுக் கப்பலேறிய நாச்சிமுத்து. முறைப்படி மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர் என்று கனலனுக்கும் அதையே வைத்தார்கள். இருபது வயதில், முதல் தடவை சிறைக்குப் போய் வந்த கையோடு, அவர் அதைக் கழற்றி எறிந்துவிட்டுக் கனலன் ஆனார். ஊர் முழுக்கக் கனலன் என்றுதான் கூப்பிடுகிறது. ஒரே ஒரு ஆள் மட்டும் கேட்கவில்லை.

"நாச்சி, போற எடத்துல வாயை வெச்சுட்டுச் சும்மா இரு சாமி. சண்டை கட்டி அவளைத் திருப்பி அனுப்பிப் போடாதே." காலையில் பாவாத்தா அத்தை சொல்லியனுப்பியது. அப்பாவின் தங்கை, எண்பத்தைந்து வயது, முட்டி வீங்கி வாசற்படி இறங்க முடியாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். உட்கார்ந்திருப்பாளா? சமையல் கட்டுக்கும் வாசலுக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருப்பாள். அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு பதில். அதற்காகத்தான் இந்தத் தட்டி, இந்த விமானம், இந்த ரோசாமணி எல்லாம். அன்றைக்கு இறக்கை ஆட்டினது எங்கப்பன்தானா? அவ்வளவுதான். இரண்டாம் உலகச் சண்டை முடிகிற வருடம், அத்தைக்கு ஐந்து வயது இருக்கும், அம்மா அதற்கு முந்தின வருடமே காலராவில் போய்விட்டாள், அண்ணனும் தங்கையும் இருகூரில் தாய்மாமன் வீட்டில். அத்தை சோளக்காட்டில் நிற்கிறாள். தெற்கேயிருந்து ஒரு விமானம் வருகிறது, பனைமரத்தில் இடிக்கிற மாதிரி தாழ்ந்து வருகிறது, மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுகின்றன. நேரே தலைக்கு மேல் வந்ததும் விமானம் ஒரு பக்கம் சாய்கிறது. வலது பக்கம். அப்புறம் இடது பக்கம். மறுபடி வலது பக்கம். பிறகு போய்விடுகிறது. எண்பது வருடமாக அத்தை இதைச் சொல்லிவருகிறாள், சொல்லும்போதெல்லாம் தோள்களைச் சாய்த்துக் காட்டுவாள், வலது, இடது, மறுபடி வலது, ஒருநாளும் மாற்றிக் காட்டியதில்லை. தாய்மாமன் சிரித்தார், கட்டிக்கொண்டவர் சிரித்தார், அண்ணன்காரரே, கனலனுடைய அப்பாவே, நானும் அன்னைக்கு அங்கதான் இருந்தேன், ஏரோப்பிளேனும் வல்லை ஒண்ணும் வல்லை என்று அடித்துச் சொல்லிவிட்டுத்தான் செத்தார். சூலூரில் அன்றைக்கு வெள்ளைக்காரன் விமானத்தளம், எந்தக் குடிகார வெள்ளைக்காரன் என்ன விளையாட்டு விளையாடினானோ. கனலன் சிரிக்கவில்லை. அவர் விளக்கினார். அந்த உயரத்திலிருந்து, அந்த வேகத்தில், ஒரு குழந்தையின் முகம் தெரியாது அத்தை, அறிவியல்படி முடியாது என்று துண்டறிக்கையில் படித்ததையெல்லாம் வைத்து விளக்கினார். "எனக்கு அவரு மூஞ்சி தெரிஞ்சுதுன்னா சொன்னேன்? ரெக்கையை ஆட்டுனாருன்னு சொன்னேன். உன்ற அறிவை நீயே வெச்சுக்க சாமி" என்றாள். சிரித்தவர்களை அவள் மன்னித்துவிட்டாள். விளக்கியவரை மன்னித்தாளா என்று தெரியாது.

கதவு திறந்தது. ஒரு குடும்பம், நான்கு பெட்டி, தூங்கி வழிகிற குழந்தை. கதவு மூடிக்கொண்டது. தாத்தா விமானம் ஓட்டக் கற்ற கதையே ஒரு வேடிக்கை. நாச்சிமுத்துவின் அப்பா ஒரு மில் முதலாளிக்குக் கார் ஓட்டினார். முதலாளி மகனுக்கு விமானம் ஓட்டும் ஆசை வந்தது, மெட்ராசுக்கு அனுப்பினார்கள், பெரிய இடத்துப் பிள்ளை தனியாகப் போகக் கூடாதென்று மெட்ரிக் படித்திருந்த டிரைவர் மகனையும் கூட அனுப்பினார்கள். மேலே போனதும் முதலாளி மகன் வாந்தியெடுத்தான். டிரைவர் மகன் எடுக்கவில்லை. இதுதான் சரித்திரம். வாந்தியெடுக்காதவன் பறந்தான். இதைச் சொன்னால் தொழிலாளிகள் கைதட்டுவார்கள் என்று கனலனுக்குத் தெரியும், எத்தனையோ கூட்டத்தில் நாக்கு நுனி வரை வந்திருக்கிறது, ஆனால் சொன்னதில்லை. ஏனென்றால் அடுத்த வரி வெள்ளைக்காரன் படையில் சேர்ந்து பர்மாவில் குண்டு போட்டான் என்று வரும், அதற்கடுத்த வரி பிள்ளைகளை விட்டுவிட்டு வெள்ளைக்காரன் பின்னாலேயே போனான் என்று வரும். அந்தக் கடைசி வரிக்குச் சாட்சியும் இருந்தது. மில்லுக்கு மெசின் வாங்க மான்செஸ்டர் பக்கம் போய்வந்த ஒரு ஃபிட்டர் ஊரெல்லாம் சொன்னார்: உங்க நாச்சிமுத்துவை நான் பார்த்தேன், ரோட்டோரமா நின்னுட்டிருந்தாரு, மேல்கோட்டுப் போட்டு, தலையில தொப்பி வெச்சு, தொரை மாதிரி. தொப்பி. அந்த ஒரு தொப்பி மூன்று தலைமுறைக்குப் போதுமானதாக இருந்தது. தொப்பி வைத்தவன் துரை. இந்த ஊரில் அப்படித்தான், தொப்பியைக் கண்டால் எழுந்து நிற்பார்கள், இல்லையென்றால் கல்லெறிவார்கள், நடுவில் ஒன்றும் கிடையாது. அப்பா அந்தத் தொப்பியை நினைத்துக்கொண்டே மில்லில் ஸ்பின்னிங்கில் நின்றார், காசநோயில் இருமினார். கனலன் அந்தத் தொப்பியை நினைத்துக்கொண்டே மேடையேறினார். துரை என்று சொல்லும்போது அவர் குரலில் வருகிற அந்த உறுமல், கூட்டம் ரசித்து ரசித்துக் கைதட்டிய அந்த உறுமல், முதலாளிகளுக்காக வந்தது என்று எல்லாரும் நினைத்தார்கள்.

"ஏனுங்க ஐயா, எந்த மில்லைங்க தொறக்கோணும்?" பக்கத்தில் நின்ற ஆள் கேட்டார். டாக்சிக்காரர், வெள்ளைச் சட்டை, கையில் ஏதோ ஒரு கம்பெனிப் பெயர் போட்ட வழவழப்பான அட்டை. கனலன் திரும்பிப் பார்த்தார். என்ன மில்? "தட்டில அப்பிடித்தானுங்க போட்டிருக்குது" என்றார் டாக்சிக்காரர், சிரிப்பை அடக்கிக்கொண்டு. கனலன் தட்டியைத் திருப்பிப் பார்த்தார். ரோசாமணி அவருடைய சட்டைப் பித்தான்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது பழைய பக்கம்: மூடிய ஆலையைத் திற! புதுத் தட்டி எதற்கு, நல்ல ஒட்டுப்பலகை வீணாகிறதே என்று பரணிலிருந்து இறக்கிப் பின்பக்கம் எழுதியது. இவ்வளவு நேரமும் பம்பாயிலிருந்து வந்தவர்களையெல்லாம் மில்லைத் திறக்கச் சொல்லி மிரட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். நல்லவேளை அவள் இன்னும் வரவில்லை. வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தால்? தமிழ் படிக்கத் தெரியுமோ தெரியாதோ. "அந்த மில்லு இருந்த எடத்துல இப்ப அடுக்குமாடிங்க ஐயா" என்றார் டாக்சிக்காரர். "எங்கப்பனும் அங்க வைண்டிங்குல இருந்தாருங்க. நீங்க பேசுனதைக் கேட்டிருக்கறேன், சின்னதுல. தோள் மேல தூக்கி வெச்சுக் காட்டுவாரு." "ஞாபகமிருக்குதா?" "பேசுனது ஞாபகமில்லீங்க. மைக்கு கீச்சுனு கத்துச்சு, அது ஞாபகமிருக்குது." கனலனுக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. மைக்காவது ஞாபகம் இருக்கிறதே. ஆலை போனது, சங்கம் மூன்றாக உடைந்தது, கூட நின்றவர்களில் பாதிப்பேர் செத்தார்கள், மீதிப்பேர் அந்த அடுக்குமாடியிலேயே வீடு வாங்கினார்கள். கனலன் வாங்கவில்லை. அவர் எதையும் வாங்கவில்லை, எதற்கும் விலைபோகவில்லை, அதில் அவருக்கு இருக்கும் கர்வத்தை அந்தக் கட்டிடத்தின் உயரத்துக்கு அடுக்கலாம். தட்டியைத் திருப்பி, ரோசாமணி வாசலைப் பார்க்கும்படி பிடித்தார். பெயர் எழுத்து சின்னதாகிவிட்டதோ? கோரிக்கைகளைப் பெரிதாக எழுதிப் பழகிய கை, ஒரு மனுசியின் பெயரை எழுதும்போது ஏன் இப்படிக் குறுகிப் போனது?

வருவாளா. அவள் வராமல் போக ஒரு காரணம் இருக்கிறது, ஒன்றே ஒன்று, ஆனால் அது பக்கம் முழுவதும் அச்சடித்த காரணம். ஆளைத் தேட வேண்டும் என்று அத்தை பிடிவாதம் பிடித்தபோது, எல்லாரும் கம்ப்யூட்டரில் தேடு என்றார்கள். கனலனுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: துண்டறிக்கை. ஒரு செய்தி ஒரு ஊருக்குப் போய்ச் சேர வேண்டுமென்றால் நோட்டீஸ் போடு, மில் வாசலில் கொடு, டீக்கடையில் ஒட்டு, மூன்றாம் நாள் ஆள் வந்து நிற்பான். பழைய தோழர் தாவூதின் மகள் பர்வீன் மான்செஸ்டருக்குப் பக்கத்தில் நர்சாக இருக்கிறாள். உட்கார்ந்தார், எழுதினார். காணவில்லை என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தார். பேனா அவருடைய பேனா, அது கேட்காது. "காணாமல் போனவர் அல்ல, கைவிட்டு ஓடியவர்!" என்று தலைப்பு விழுந்தது. அப்புறம் நிற்கவில்லை. ஏகாதிபத்தியத்தின் விமானத்தை ஓட்டியவரும், தாயில்லாப் பிள்ளைகளைத் தாய்மாமன் வீட்டு மாட்டுக்கொட்டாயில் தள்ளிவிட்டுத் துரை வேடம் பூண்டு கப்பலேறிய துரோகியும், உயர்ந்த உருவம் உடையவருமான இருகூர் நாச்சிமுத்து என்பாரைப் பற்றியோ அவர்தம் வாரிசுகளைப் பற்றியோ தகவல் அறிந்த உழைக்கும் மக்கள் உடனே தெரிவிக்கவும். கடைசியில் இவண் என்று போட்டுத் தன் பெயர். பர்வீன் படித்துவிட்டு போனில் கூப்பிட்டாள். "மாமா, தேடறதுக்கு நோட்டீசா, திட்டறதுக்கு நோட்டீசா?" "ஏன், புரியலையா?" "நல்லாப் புரியுது, அதான் கேக்கறேன். துரோகியை மட்டுமாச்சும் எடுத்துடட்டுமா?" "ஒரு காற்புள்ளியைக் கூட எடுக்கக் கூடாது." எடுக்கவில்லை. தாவூதின் மகள், சொன்னால் சொன்னதுதான். தமிழில் ஒரு பக்கம், ஆங்கிலத்தில் ஒரு பக்கம், நம்மாட்கள் மளிகைக்கடை வைத்திருக்கும் தெருவெல்லாம் ஒட்டினாள். இரண்டாவது வாரம், மல்லித்தழை வாங்க வந்த ஒரு அம்மாள் கண்ணாடியைத் தூக்கித் தூக்கி அதைப் படித்தாளாம், படித்து முடித்துவிட்டு அங்கேயே நின்று மறுபடி முதலிலிருந்து படித்தாளாம், பிறகு நோட்டீசைச் சுவரிலிருந்து கிழியாமல் பிய்த்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனாளாம்.

கிழியாமல். அதுதான் பயமாக இருந்தது. கோபக்காரர்கள் கிழிப்பார்கள், கிழியாமல் எடுத்து வைக்கிறவர்கள் பதில் சொல்ல வைக்கிறார்கள். இது அவருடைய தொழில், அவருக்குத் தெரியும். நாலு நாள் கழித்துப் பர்வீன் மூலமாகப் பேசிப் பதிந்த குரல் ஒன்று வந்தது. கனலன் வெள்ளைக்காரி குரலை எதிர்பார்த்துப் போனைக் காதில் வைத்தார். "நோட்டீசு படிச்சனுங்க. நான் அவரு மவளுங்க. மூணு பொய்யி இருக்குதுங்க அதுல. நேருல வந்து சொல்றனுங்க." அவ்வளவுதான். உச்சரிப்பு மட்டும் சீமை, ஒவ்வொரு எழுத்துக்கும் சட்டை போட்டுவிட்ட மாதிரி. வார்த்தைகள் அத்தனையும் இருகூர். அதுவும் இன்றைய இருகூர் இல்லை, யுத்தகாலத்து இருகூர். அத்தை அதைக் கேட்டுவிட்டு, திருப்பிப் போடு என்றாள், மறுபடி போடு என்றாள், எங்கப்பன் பேச்சு என்றாள், சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். கூடவே ஒரு புகைப்படம். ஒரு பஞ்சாலை வாசல், பனி, வரிசையாக ஆட்கள். கனலனுக்குப் பஞ்சாலை வாசலைப் பஞ்சாலை வாசல் என்று யாரும் சொல்லத் தேவையில்லை, உலகத்தில் எங்கே இருந்தாலும் அது ஒரே வாசல். அந்தக் கேட், அந்தக் காவலாளி அறை, ஷிப்டு முடிந்து வருகிறவனின் அந்தத் தோள். வரிசையில் நாலாவது ஆள் கறுப்பு. மேல்கோட்டு, தலையில் தொப்பி. பக்கத்தில் நிற்கிறவனுக்கும் அதே தொப்பி. அதற்குப் பக்கத்திலும். வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் அதே தொப்பி. தட்டையான, துணியாலான, எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய தொப்பி. அந்த ஊர்க் கூலிக்காரன் தலையில் கட்டுகிற துண்டுக்குப் பதிலாகத் தொப்பி வைக்கிறான், அவ்வளவுதான். ஃபிட்டர் பார்த்தது ராத்திரி ஷிப்டுக்குப் பஸ்ஸுக்கு நின்ற ஒரு நூற்பாலைத் தொழிலாளியை. விமானம் ஓட்டியவனுக்கு அங்கே விமானம் கொடுக்கவில்லை, கறுப்பன் கையில் யார் கொடுப்பார்கள். பஞ்சைக் கொடுத்தார்கள், தூசியைக் கொடுத்தார்கள். அங்கே தாத்தா ஸ்பின்னிங்கில், இங்கே அப்பா ஸ்பின்னிங்கில். அங்கே இருமினாரா? இருமியிருப்பார். ஒரே பஞ்சு. கனலன் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார், தொப்பிக்குக் கீழே முகம் தேடினார், அது புள்ளிபுள்ளியாகக் கலைந்தது, அவருடைய நாற்பது வருட உறுமல் தொண்டையில் எங்கே போவதென்று தெரியாமல் நின்றது. சரி, துரை இல்லை. ஒரு பொய் போயிற்று. ஆனால் விட்டுவிட்டுப் போனது போனதுதானே? கூலிக்காரன் பிள்ளையை விட்டுவிட்டுப் போகக் கூடாதா என்ன, போகலாம், தினமும் போகிறான்.

போன் அதிர்ந்தது. தட்டியை ஒரு கைக்கு மாற்றினார், அது சரிந்தது, டாக்சிக்காரர் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். "வந்துட்டாளா?" "இன்னும் இல்லை அத்தை." "நீ எங்க நிக்கறே? தெரியற மாதிரி நிக்கறயா, தூணுக்குப் பொறகால நிக்கறயா?" "தெரியற மாதிரித்தான்." "கருப்புச் சட்டை போட்டுட்டுப் போகலையே?" கனலன் குனிந்து பார்த்தார். கருப்புச் சட்டைதான். "இல்லை அத்தை." "கேட்டுப் போடு சாமி. வந்ததும் கேட்டுப் போடு. எனக்கு முன்னால கேக்க வேண்டாம், அங்கயே கேட்டுட்டுக் கூட்டியா. இல்லைன்னு சொன்னாள்னா" என்று நிறுத்தினாள் அத்தை. வாசற்படிப் பக்கம் காகம் கத்துவது போனில் கேட்டது. "இல்லைன்னா இல்லைன்னு சொல்லு. பொய் சொல்லாதே. ஆனா மொதல்ல அவளுக்குச் சோறு போட்டுடலாம்." வைத்துவிட்டாள். இல்லையென்று சொன்னால். அதுதான், காலையிலிருந்து எதைச் சுற்றிச் சுற்றி வருகிறாரோ அந்த இடம், கிணற்றுக்குள் கல்லைப் போட்டுவிட்டுச் சத்தத்துக்குக் காத்திருப்பது போல. நோட்டீசில் இறக்கை விசயத்தை அவர் எழுதவில்லை. பர்வீனிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. பேச்சுவார்த்தைக்குப் போகிறவன் எல்லாத் தாளையும் மேசையில் வைக்கக் கூடாது. அவளாகச் சொன்னால்தான் அது சாட்சி, நாமே எடுத்துக் கொடுத்தால் அது மரியாதைக்குச் சொல்கிற ஆமாம். ஆனால் அவளுக்குத் தெரிந்திருக்குமா? எந்தத் தகப்பன் இரண்டாம் தாரத்து மகளிடம் போய், ஒருநாள் பறந்து போகும்போது முதல் தாரத்துப் பிள்ளைகள் தலைக்கு மேல் இறக்கையை ஆட்டினேன் என்று சொல்வான்? சொல்லியிருக்க மாட்டார். செத்தே நாற்பது வருடம் ஆகிறது. அவள் உதட்டைப் பிதுக்குவாள், தெரியாதுங்க என்பாள், அத்தைக்கு அது இல்லை என்றுதான் கேட்கும். எண்பத்தைந்து வருட வாழ்க்கையில் அவளுக்கென்று இருந்த ஒரே சொத்து மூன்று சாய்வு, அதையும் கேட்டுப் பறிக்கத்தானா இவ்வளவு ஏற்பாடு? கேட்காமலே கூட்டிப் போய்விட்டால்? ஏதாவது சொல்லிச் சமாளித்துவிட்டால்? கனலன் முதலாளிகளிடம் பொய் சொல்லியிருக்கிறார், போலீசிடம் நிறையச் சொல்லியிருக்கிறார், கருப்புச் சட்டை இல்லையென்று இப்போதுதான் அத்தையிடமே சொன்னார். அது வேறு. இதில் சொல்ல முடியாது. இத்தனை வருடம் அறிவியல் பேசிவிட்டு இதில் பொய் சொல்ல முடியாது. அத்தை சொன்னது நிசமாக இருக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். இப்படியொரு ஆசை, ஆதாரமில்லாத ஆசை, அவருக்கு எப்போது வந்தது? சோளக்காட்டில் நின்ற அந்த ஐந்து வயதுக் குழந்தைக்குப் பக்கத்தில் தானும் போய் நின்றுகொண்டு தெற்கே பார்க்க வேண்டும் போல இருந்தது.

கதவு திறந்தது, இந்தத் தடவை மூடவில்லை, மொத்தமாக ஆட்கள் வந்தார்கள். கனலன் தட்டியைத் தலைக்கு மேல் தூக்கினார். வியாபாரிகள், மாணவர்கள், கழுத்துத் தலையணையோடு ஒரு கல்யாணக் கூட்டம், மாலைக்குக் குனிகிற கழுத்துகள். டாக்சிக்காரருடைய ஆள் வந்துவிட்டார், பெட்டியை வாங்கிக்கொண்டு, "வருவாங்கய்யா, கவலைப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். வெள்ளை முகமா, கறுப்பு முகமா, எந்த முகத்தைத் தேடுவது? கண் தானாகத் தொப்பியைத் தேடியது, இந்த வெயிலில் யார் தொப்பி வைப்பார்கள். கூட்டம் குறைந்தது. பெட்டிகள் உருண்டு போயின. வரவில்லை. ஏறவே இல்லை. கிழியாமல் எடுத்து வைத்தவள், மடித்து வைத்தவள், யோசித்திருப்பாள், இவ்வளவு நாக்கு நீளமானவன் வீட்டுக்கு எதற்குப் போவது என்று. அப்போதுதான், கல்யாணக் கூட்டத்துக்குப் பின்னால், தலைகளுக்கு மேலே, கதவுக்கு உள்ளேயிருந்து ஒரு தட்டி வந்தது. கனலன் முதலில் நம்பவில்லை. வரவேற்க நிற்கிறவர்கள் தட்டி பிடிப்பார்கள். வந்து இறங்குகிறவர் எந்த ஊரில் தட்டி பிடிப்பார்? அட்டைப்பெட்டியைப் பிரித்து வெட்டிய தட்டி. கம்பு கிடையாது. மாநிறத்தில் இரண்டு மெலிந்த கைகள் இரண்டு ஓரத்தையும் பிடித்திருந்தன. எழுத்து ஒவ்வொன்றும் முழ நீளம், குழந்தை எழுதியது போலக் கோணல், ஆனால் ஒரு பிழை கிடையாது: துரோகி மகள். கனலனின் வாய் திறந்தது. போலீஸ் வேனுக்குள்ளும் அடைக்காத வாய், திறந்தபடியே நின்றது. அங்கே நின்ற ஒன்றிரண்டு பேர் படித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள், துப்பாக்கிக்காரர் கூட எட்டிப் பார்த்தார். தனக்கு எதிராக ஒரு தட்டி, தன் வார்த்தையாலேயே, தான் நிற்கிற வாசலிலேயே. இதற்குப் பெயர்தான் போராட்டம். இதைவிடச் சுத்தமாக யாராலும் செய்ய முடியாது. அவருக்குச் சிரிப்பு வந்தது, அது வயிற்றிலிருந்து வந்தது, மில் மூடிய பிறகு அந்த இடத்திலிருந்து சிரிப்பு வந்ததில்லை. அவள் அவரைப் பார்த்துவிட்டாள். நரைத்த குட்டை முடி, மூக்குக்கண்ணாடி, தோளில் ஒரு துணிப்பை, குள்ளமான உருவம். ரோசாமணி என்ற எழுத்தைப் படித்தாள், உதடு அசைந்தது. பிறகு தட்டியை இன்னும் உயரத் தூக்கி, நின்ற இடத்திலேயே, அதைச் சாய்த்தாள். வலது பக்கம். அப்புறம் இடது பக்கம். மறுபடி வலது பக்கம்.

கூச்சல், ஒலிபெருக்கி, டாக்சிக்காரர்கள், எல்லாம் எங்கேயோ போயிற்று. சோளத்தட்டை வாசம் வந்தது என்று பிற்பாடு சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், அவரே நம்ப மாட்டார். கைகள் அவரைக் கேட்கவில்லை. முழங்கை விலாவை விட்டு விலகியது, தட்டி சாய்ந்தது, வலது, இடது, மறுபடி வலது. அவள் முகம் மாறியது. தடுப்பைச் சுற்றி வந்தாள், பெட்டியை இழுத்துக்கொண்டு, வேகமாக, அந்த வயதுக்கு ஆகாத வேகத்தில். "உங்களுக்கு எப்படித் தெரியுங்க அது?" என்றாள் வந்ததும் வராததுமாக. வாங்க என்று அவர் சொல்லவில்லை, வந்தேன் என்று அவள் சொல்லவில்லை. "அது எங்கூட்டு இதுங்க. அப்பா ராத்திரி சிப்டு முடிஞ்சு காலையில தெருமுக்குல திரும்புனதும் ரெண்டு கையையும் விரிச்சு அப்பிடிப் பண்ணுவாருங்க. நாங்க சன்னல்ல நின்னு திருப்பிப் பண்ணோணும். பண்ணுனாத்தான் வருவாரு. ஏனுப்பான்னு கேட்டா, முன்னால ஒருக்கா பண்ணுனேன், அதுக கீழ நின்னுச்சுக, திருப்பிப் பண்ணுச்சுகளான்னு பார்க்கறதுக்குள்ள தாண்டிப் போயிட்டேன் அப்படீம்பாரு." அவளே பேசினாள். "புள்ளைகளைக் குடுங்கன்னு வந்து கேட்டாருங்க, அந்த மாமன் கதவைச் சாத்திப் போட்டாரு. அது ரெண்டாவது பொய்யி. மொதப் பொய்யி தொரைங்கறது." "மூணாவது?" என்றார் கனலன். "உயர்ந்த உருவம்னு போட்டிருக்கறீங்க. என்னைப் பாருங்க. அப்பா என்னைவிட ஒரு விரக்கடை உசரம் கொறைச்சலுங்க. காக்பிட்டுல தலகாணி போட்டு உட்காருவாராம்." சொல்லிவிட்டுச் சிரித்தாள், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், மருமவனே என்றாள். எழுபது வயதுச் சீமைக்காரி அறுபத்துநாலு வயதுக் கிளர்ச்சிக்காரரை மருமவனே என்றாள், முறை சரியாகத்தான் இருந்தது. "எங்கக்கா எங்கீங்க?"

கனலன் போனைப் போட்டார். முதல் மணி முடியுமுன் அத்தை எடுத்துவிட்டாள். "வந்துட்டாளா? கேட்டயா?" "கேக்கலை அத்தை." "ஏன்டா கேக்கலை?" "கேக்கறதுக்குள்ள பண்ணிட்டாங்க. வலது, இடது, மறுபடி வலது. நான் சொல்லலை, யாரும் சொல்லலை. அவங்களே பண்ணாங்க." போனில் காகம் இருந்தது. சுவரில் கை உரசுகிற சத்தம் இருந்தது, உட்காருகிறாள் போல. பிறகு பாவாத்தா அத்தையின் குரல் வந்தது, அழுகிற குரல் இல்லை, பள்ளத்திலிருந்து மேட்டுக்கு வண்டியை ஏற்றிவிட்டவள் குரல். "எத்தனை வருசமா சொன்னேன்? எவன்டா கேட்டீங்க? அறிவியலாமா அறிவியல்." "ஆமா அத்தை." "அவளைக் கூட்டிட்டு வா. வழியெல்லாம் நீ பேசாதே. அவ பேசட்டும்." கனலன் சரி என்றார். தன்னுடைய தட்டியையும் துரோகி மகளையும் சேர்த்து ஒரு கக்கத்தில் இடுக்கிக்கொண்டார், மறு கையால் அவள் பெட்டியை வாங்கிக்கொண்டார். சுவரோரம் துப்பாக்கிக்காரர் கம்பை எடுத்து நீட்டினார். கனலன், கொள்கையை ஒரு நிமிடம் ஓரமாக வைத்துவிட்டு, வேண்டாம் என்று இந்தியிலேயே சொன்னார். பிறகு வாயை மூடிக்கொண்டு, இந்தப் புது அத்தை பேசப் பேசக் கேட்டபடி, பஸ் நிற்கிற பக்கம் நடந்தார்.